ஊளை வரவேற்பு

கெம்மட்டி ஜமீன்தாரோடு மாரடித்தே ஜனங்கள் அலுத்துப்போயிருந்தார்கள். ஒருநாள் அவர் கூண்டில் ஓர் ஓநாயை அடைத்துவைத்துக்கொண்டு, ஆடு மேய்க்கும் பீரனைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் கலெக்டர் வர்றப்போ இது ஊளையிட்டு வரவேற்கணும். இல்லைன்னா உன் ஆடெல்லாம் எனக்கு."

பீரன் தலையில் அடித்துக்கொண்டான். "சொன்னதும் வாசிக்க அதென்ன மேளக்காரனா, சாமி? ஓநாய்க் கூட்டம்ங்கிறது ஒரு குடும்பம். வீட்டுப் பெரியவர் குரல் கொடுத்தா மத்ததும் சேர்ந்துக்கும்."

"இந்த அரண்மனையில் ஓநாய் உள்பட எல்லாருக்கும் பெரியவன் நான்தாண்டா!"

"அப்போ நீங்கதான் ஆரம்பிக்கணும், சாமி."

கலெக்டர் வந்தார். ஜமீன்தார் கழுத்தை நீட்டி ஊளையிட்டார். அவர் செய்வதையே செய்து பழகிய திவானும் கணக்குப்பிள்ளையும் காவல்காரர்களும் கூடவே ஊளையிட்டார்கள். ஓநாய் கொட்டாவி விட்டு, மூக்கை வாலுக்குள் புதைத்துக்கொண்டது. கலெக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏண்டா, இது வாயைத் திறக்கலை?" என்று ஜமீன்தார் சீறினார்.

"தன் குடும்பத்துக் குரல் எதுன்னு அதுக்குத் தெரியும், சாமி. உங்க குடும்பம்தான் ஒருத்தர் விடாம சேர்ந்துக்கிச்சே!"

"இவன் ஆடுகளைப் பிடிங்கடா" என்று கத்த ஜமீன்தார் வாயைத் திறந்தார். அடுத்த ஊளை என்று நினைத்து, அவர் பேசுவதற்குள் அரண்மனையே ஊளையிட ஆரம்பித்துவிட்டது.