பாத்துக்கலாம் என்றவர்

பெருங்களத்தூரில் ஓர் அடுக்ககம். அதன் சங்கச் செயலாளர் திருஞானம், வங்கியில் ஓய்வு பெற்றவர். வியாழன்தோறும் மெய்யம்மையிடம் போய்த் தியானம் கற்றுக்கொள்வார். குரு அவரைவிட வயதில் சின்னவர். அதில் அவருக்குத் துளி வெட்கமும் கிடையாது. மனுஷனிடம் உருப்படியான குணம் அது ஒன்றுதான் என்று அவர் மனைவி கோமளவல்லி சொல்வதுண்டு.

அன்று அவரால் கண்ணை மூடி உட்காரவே முடியவில்லை. என்ன விஷயம் என்று குரு கேட்டார்.

லிஃப்ட் படுத்துவிட்டது. மூட்டு ஆபரேஷன் செய்துகொண்ட கோமளவல்லி தைப்பூசத்துக்குக் கீழே இறங்கினவர். ஆடி பிறந்தும் ஐந்தாம் மாடியிலேயே கிடக்கிறார்.

"அவ முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருக்கும்மா" என்றார் திருஞானம்.

அடுக்ககத்தை நிர்வகிக்க ஓர் ஏஜென்சியை வைத்துவிட்டால் லிஃப்ட் முதல் குப்பை வரை அவர்கள் பாடு. இரண்டு ஏஜென்சிக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். ஞாயிறு கூட்டத்தில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். யாரைச் சொல்வது?

"லிஃப்டைப் பத்தி அவங்க என்ன சொன்னாங்க?" என்றார் குரு.

முதலாமவர் தங்கமான மனிதர் என்றார் திருஞானம். எதைக் கேட்டாலும் முகம் கோணவில்லை. லிஃப்டா, பாத்துக்கலாம் சார். தண்ணியா, பாத்துக்கலாம் சார். கேட்டபோதே பாதி பாரம் இறங்கிவிட்டதாம்.

இரண்டாமவர் ரோஸலின் என்று ஓர் அம்மாள். மொட்டைமாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு, இனி புது லிஃப்ட்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தரைத்தளத்துக்காரர்கள் எங்களுக்கு எதற்கு லிஃப்ட் என்று மல்லுக்கு நிற்பார்கள். வீடு வீடாகப் போய் அவர்களைச் சம்மதிக்க வைப்பது செயலாளர் வேலை. சம்மதம் கிடைத்த மறுநாளே தன் வேலையைத் தொடங்கிவிடுவதாகவும் சொன்னாராம்.

"என்ன பேச்சும்மா இது? கதவைத் தட்டிக் கெஞ்சறதுக்கு நான்னா, அப்புறம் ஏஜென்சி எதுக்கு?"

"இதுவரைக்கும் யார்கிட்டயாவது போய்ப் பேசினீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். தினமும் பார்க்கிற மனிதர்கள், அவர்களிடம் எப்படி முகத்தை முறித்துக்கொள்வது என்று இழுத்தார்.

"வீட்டுல அவங்க லிஃப்டைப் பத்திக் கேட்கறதில்லையா?"

"கேட்காம? காபி டம்ளரை என் கையிலேர்ந்து வாங்கும்போதே கேட்பா. தினமும் காலையில அதே கேள்விதான்."

"நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

திருஞானம் சட்டென்று வாயைத் திறந்தார். வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

மெய்யம்மை புன்னகைத்தார்.

"அதைச் சொல்றதுக்கு உங்க அடுக்ககத்துல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே, ஐயா. சம்பளம் குடுத்து இன்னொருத்தர் எதுக்கு?"