நூற்றிருபதாம் பக்கம்

"மேடம், எனக்கு இந்தப் பிரிவிலிருந்து மாற்றல் வேணும்," என்றார் பொன்னுரங்கம்.

செலின் ஒரு பார்சலுக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன் சார்?"

"இருபத்து மூணு வருஷம் புத்தகங்களை வகைப்படுத்துற பிரிவுல இருந்தேன். எந்தப் புத்தகம் எங்க நிக்கணும்னு முடிவு பண்ணினவன். இங்க வந்து நாலு மாசமா என்ன செய்யறேன்? கேக்கிறாங்க, அனுப்புறேன். இல்லேன்னா இல்லைன்னு எழுதறேன். இதுல என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவருக்கு ஐம்பத்தோரு வயது. பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செலினுக்கு முப்பத்தொன்பது.

அது பல்கலைக்கழக நூலகத்தின் இரவல் பிரிவு. பிற நூலகங்களில் இருப்பதை இங்குள்ளவர்களுக்கு வரவழைத்துத் தருவதும், இங்கே இருப்பதை அங்கே அனுப்புவதும் அதன் வேலை. பயணம் தாங்காத புத்தகமானால் கேட்ட பக்கங்களை மட்டும் படியெடுத்து அனுப்புவார்கள். இரண்டு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு இரும்பு பீரோ. அவ்வளவுதான் பிரிவு.

செலின் முடிச்சைப் போட்டு முடித்தார். மாற்றல் மனுவை வாங்கினார். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பொன்னுரங்கம் வாதாடத் தயாராக வந்திருந்தார். சொல்ல வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே நின்றது.

"ஆர்டர் வர ஒரு மாசம் ஆகும் சார். அதுவரைக்கும் இதைப் பாருங்க."

ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்.

*

விண்ணப்பம் மலையில் இருக்கும் ஒரு கல்லூரியின் நூலகத்திலிருந்து வந்திருந்தது. கேட்டவர் பெயர் பூமயில். அந்தக் கல்லூரியின் அலுவலக உதவியாளர்.

கேட்டது 1938-இல் அச்சான ஓர் ஆங்கில அறிக்கை. அந்த வருடம் தேயிலைத் தோட்டங்களில் பரவிய காய்ச்சலைப் பற்றியது. பக்கம் 112 முதல் 119 வரை போதும் என்று எழுதியிருந்தது. அவர் குடும்பம் வேலை செய்த எஸ்டேட்டின் பெயரும் இருந்தது. இறந்த தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல் அந்தப் பக்கங்களில் இருப்பதாக அங்குள்ள பேராசிரியர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

பொன்னுரங்கம் கீழ்த்தளத்துக்குப் போனார். அறிக்கையை எடுத்தார். எட்டுப் பக்கங்களையும் படியெடுத்து அன்றைக்கே அனுப்பினார்.

"அரை மணி நேரம்," என்றார் செலினிடம்.

செலின் தலையசைத்தார்.

*

ஒன்பதாம் நாள் பூமயிலிடமிருந்து கடிதம் வந்தது. கையால் எழுதியது.

"ஐயா, நீங்கள் அனுப்பிய பக்கங்கள் கிடைத்தன. மிக்க நன்றி. என் தாத்தா சடையன் பெயர் இருக்கிறது. நாங்கள் தேடிய பெயர் அதில் இல்லை.

"என் அம்மா குருவம்மாளுக்கு எண்பத்து நாலு வயது. அம்மாவுக்கு மூன்று வயது இருக்கும்போது அவரைப் பெற்றவள், அவரையும் கைக்குழந்தையான தம்பியையும் விட்டுவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து போனாள். பெயர் இருளாயி. யாரோடோ ஓடிப்போய்விட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். என் அம்மா ஓடிப்போனவள் மகளாகவே வளர்ந்தார். அப்படிச் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். சண்டை வந்தால் இன்றைக்கும் அந்தச் சொல் வரும்.

"காய்ச்சலில் செத்திருப்பாளோ என்று அம்மாவுக்கு ஒரு நினைப்பு. அதனால்தான் கேட்டோம். எட்டுப் பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இல்லை என்றதும், சரி, ஊர் சொன்னதுதான் நிஜம் போல என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும்."

பொன்னுரங்கம் கடிதத்தை மடித்தார். கோப்பில் வைத்தார். 'முடிந்தது' என்ற முத்திரையை எடுத்தார்.

"பாவம்," என்றார். "ஆனா நாம அனுப்ப வேண்டியதை அனுப்பிட்டோம்."

"நூத்தி இருபதாம் பக்கத்துல என்ன இருக்கு சார்?" என்று கேட்டார் செலின்.

"அவங்க நூத்திப் பத்தொன்பது வரைக்கும்தான் கேட்டாங்க."

செலின் தன் வேலையைப் பார்த்தார்.

பொன்னுரங்கம் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

*

நூற்றிருபதாம் பக்கத்தில் பட்டியல் தொடர்ந்தது. இன்னும் மூன்று பெயர்கள். மூவரும் ஆண்கள்.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அடிவார முகாம் ஆஸ்பத்திரிக்கு வந்து இறந்தவர்கள் இங்கே சேர்க்கப்படவில்லை. அவர்கள் பெயர்கள் பகுதி இரண்டில்.

அவர் அலமாரியைத் தேடினார். பக்கத்து அலமாரிகளையும் தேடினார். உடை முழுக்கத் தூசியோடு மேலே வந்தார்.

"பகுதி இரண்டு நம்மகிட்ட இல்லை மேடம்."

செலின் இழுப்பறையைத் திறந்து ஒரு வெற்று விண்ணப்பப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நானா? கேட்டது அவங்கதானே?"

"இப்ப கேக்கிறது யாரு சார்?"

'விண்ணப்பிப்பவர் பெயர்' என்ற இடத்தில் பொன்னுரங்கம் தன் பெயரை எழுதினார்.

*

பதினோரு நூலகங்களுக்கு எழுதினார்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் இருப்பில் இல்லை. எங்கள் பட்டியலில் இல்லை. கிடைக்கவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

பத்தாவது பதில் ஒரு பழைய மருத்துவக் கல்லூரி நூலகத்திலிருந்து வந்தது. பகுதி இரண்டு எங்களிடம் உள்ளது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நொறுங்கும் நிலையில் இருப்பதால் பிரிக்க இயலாது. வருந்துகிறோம்.

அந்தக் கடிதத்தை அவர் பலமுறை படித்தார். ஏதோ தெரிந்த குரலாக இருந்தது.

எழுந்து பீரோவைத் திறந்தார். நாலு மாதங்களில் தான் அனுப்பிய 'இல்லை' கடிதங்களின் நகல்களை வெளியே எடுத்தார். பத்தொன்பது இருந்தன. வாசகம் ஒன்றேதான், பெயர்கள் மட்டும் வேறு. ஒரு பெயர்கூட அவர் நினைவில் இல்லை.

"இவங்களெல்லாம் அப்புறம் என்ன பண்ணினாங்க மேடம்?"

"தெரியாது சார்."

"நீங்க கேட்டதில்லையா?"

"இங்க வந்த முதல் ரெண்டு வருஷம் நானும் கேக்கல," என்றார் செலின். "அந்த நகலெல்லாம் கீழ் தட்டுல இருக்கு. எடுத்துப் பாக்க எனக்கு இன்னும் தைரியம் வரல."

அன்று மதியம்தான் மாற்றல் ஆர்டர் வந்தது. செலின் அதை அவர் மேசையில் வைத்தார்.

"திங்கக்கிழமை பழைய பிரிவுல சேரணும் சார்."

பொன்னுரங்கம் அதைப் பார்த்தார்.

"ஒரு பதில் வர வேண்டியிருக்கு மேடம்."

செலின் ஆர்டரைத் திருப்பி அனுப்ப உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசவில்லை.

*

மறுநாள் காலை அவர் மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குப் போன் போட்டார். அங்கே பழைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் பைண்டர் ரஹ்மத்துல்லா எடுத்தார்.

"அது பிரிக்க முடியாதுங்க. கை வெச்சா உதிரும். தொடக் கூடாதுன்னு ஆர்டரே இருக்கு. கடிதத்துலயே எழுதியிருந்தோமே."

"படிச்சேன்."

"அப்புறம்?"

"கேக்கிறவங்களுக்கு எண்பத்து நாலு வயசு."

"ஆராய்ச்சியா?"

"இல்லை. அவங்க அம்மா பேரு அதுல இருக்கான்னு பாக்கணும்."

எதிர்ப்பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் வந்தது.

"எந்தப் பக்கம்?"

"தெரியாது."

"பேரு?"

"இருளாயி."

"வெள்ளைக்காரன் எழுதின புத்தகம். இருளாயியை அவன் எப்படி எழுதியிருப்பான்?"

"அதுவும் தெரியாதுங்க."

ரஹ்மத்துல்லா பெருமூச்சு விட்டார்.

"அப்ப முழுசாத்தான் பிரிக்கணும். எங்க தலைமை நூலகர்கிட்ட கேக்கிறேன். பொறுப்பை என் பேர்ல எழுதித் தந்துட்டுத்தான் கை வைக்க முடியும். நாளாகும்."

"காத்திருக்கேன்."

பதினான்கு நாள் ஆனது. ஒரு நாளைக்கு ஒரு தாள். ஈரம் காட்டி, மெல்லிய தகட்டால் நெம்பி, காற்றில் உலர்த்தி, பிறகு படம் எடுத்து.

பதினான்கு தாள்களின் படங்களோடு சிறு குறிப்பும் வந்தது. "பதினோராம் தாளின் மேல் மூலை என் கையில் உடைந்துவிட்டது. எழுத்து எதுவும் போகவில்லை. உடைந்த துண்டை உறையிலிட்டு உள்ளேயே வைத்திருக்கிறேன். பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். நீங்கள் தேடிய பெயர் இருந்ததா என்று தெரிவிக்கவும்."

*

முதல் வாசிப்பில் இருளாயி இல்லை.

பொன்னுரங்கம் இரண்டாவது முறை வாய்விட்டு வாசித்தார். வெள்ளைக்காரன் காதில் எப்படி விழுந்திருக்குமோ அப்படி. மூக்கன் ஒரு இடத்தில் மூகேனாக இருந்தான். வெள்ளையம்மாள் விலியம்மாவாக இருந்தாள்.

ஒன்பதாம் தாளில் நின்றார்.

ஈரூலி. பெண். வயது இருபத்திரண்டு. கணவன் சடையன், இறந்துவிட்டான். இரண்டு குழந்தைகள்.

பூமயில் விண்ணப்பத்தில் எழுதியிருந்த எஸ்டேட்டின் பெயர் அதற்கு நேரே இருந்தது. முந்தைய பட்டியலில் பூமயிலின் தாத்தா சடையன் இருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தார். ஐந்து நாள் முன்னால் இறந்திருந்தான்.

ஈரூலி பெயருக்கு நேரே, அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், ஆஸ்பத்திரிக்காரர் யாரோ நாலு வரி எழுதியிருந்தார்.

அவர் செலினைக் கூப்பிட்டார். செலின் வந்து குனிந்து படித்தார். படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"கடிதம் எழுதட்டுமா மேடம்?"

செலின் திரும்பாமலே தொலைபேசியைக் காட்டினார்.

*

பூமயில்தான் எடுத்தார். பொன்னுரங்கம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும், "ஐயா, இருங்க, அம்மாகிட்டயே சொல்லுங்க," என்று போனைக் கொடுத்துவிட்டார்.

"யாரு சாமி?" என்றது ஒரு மெலிந்த குரல்.

"யுனிவர்சிட்டி லைப்ரரிலேர்ந்து பேசறேன்மா. உங்க அம்மா பேரு கிடைச்சிருக்கு."

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. தமிழ்ல சொல்றேன்," என்றார்.

"சொல்லுங்க."

"இருளாயி. வயசு இருபத்திரண்டு. காய்ச்சலோடு தனியாக நடந்து முகாமுக்கு வந்து சேர்ந்தாள். குழந்தைகளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று விடியும் முன் கிளம்பியதாகச் சொன்னாள். இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சல் இல்லை என்று பலமுறை சொன்னாள். மறுநாள் இறந்தாள்."

"திரும்பப் படிங்க சாமி."

படித்தார்.

"இன்னொரு தடவை."

இந்த முறை நடுவில் ஒரு தடவை நிறுத்தி, முழுதும் படித்து முடித்தார்.

"என்ன தேதி?"

"ஆகஸ்ட் பதினாறு. முப்பத்தெட்டாம் வருஷம். செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை," என்றார் குருவம்மாள். அந்தக் கிழமையை முதல்முறை கேட்பவர்போல மெதுவாகச் சொன்னார்.

பிறகு யாரிடமோ, போனுக்கு வெளியே, உரக்கச் சொன்னார்:

"ஓடல புள்ள. நடந்துதான் போயிருக்கா."

*

பொன்னுரங்கம் ரஹ்மத்துல்லாவுக்கு இரண்டு வரி எழுதினார். படங்களை அச்செடுத்து பூமயிலுக்கு அனுப்பினார். கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செலின் மேசைக்கு வந்தார்.

"முடிஞ்சுது மேடம்," என்றார். பல வருடங்களாக அவர் குரலில் இல்லாத ஒன்று அதில் இருந்தது.

செலின் கோப்பை வாங்கினார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இந்தப் பட்டியல்ல மொத்தம் எத்தனை பேர் சார்?"

"நூத்தி நாப்பத்து மூணு பேர்."

"கேட்டு வந்தது?"

"ஒருத்தங்க."

செலின் கோப்பை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு பார்சலை எடுத்து முகவரி எழுதத் தொடங்கினார்.

பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு தன் இடத்துக்குப் போனார். அலுவலகக் கடிதத்தாளை எடுத்தார். பெறுநர் இடத்தில் அந்த மலையில் இருக்கும் ஒன்பது எஸ்டேட்டுகளின் பெயர்களையும் எழுதினார்.

அடுத்த வரியில் அச்சாகியிருந்தது: 'பார்வை: தங்கள் கடிதம், நாள்.'

எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று அங்கே குறிக்க வேண்டும்.

யாரும் எழுதவில்லை.

அவர் அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். அதன் கீழே பட்டியலின் முதல் பெயரை எழுதினார்.