பார்த்தாலே தெரியும் முதலாளி

தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் பட்டறை வைத்திருந்த கோமதிநாயகத்துக்குத் தன் கண்மீது அபார நம்பிக்கை. பேரிங்கை எண்ணெயில் காய்ச்சினால் அது விரிந்து தண்டில் சுலபமாக ஏறும். ஆனால் இரும்புக்கு ஒரு கெட்ட குணம்: கையைப் பொசுக்கும் சூட்டிலும் ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். அதனால் காய்ச்சியதன்மேல் சாக்பீஸால் குறி போடுவார்கள். "இது பட்டறையா, பள்ளிக்கூடமா?" என்று முதலாளி அதை நிறுத்தினார்.

மறுநாளே பட்டறையில் வேலை பார்க்கும் ரெமிஜியுஸ் சூடான பேரிங்கை ஆறியதென்று நினைத்து எடுத்தான். உள்ளங்கை வெந்தது.

"சூடு எது, ஆறினது எதுன்னு பாத்தாலே தெரியும். குருட்டுப் பய இன்னையோட நின்னுக்கிடட்டும்," என்றார் முதலாளி.

பாகங்களைக் கழுவும் லூர்தம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. எண்ணெய் மினுங்கும் இரண்டு பேரிங்குகளை இடுக்கியால் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள்.

"ஆறினதை வெறுங்கையால எடுத்துக் காட்டுங்க மொதலாளி. அப்புறம் அவனை அனுப்பலாம்."

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. முதலாளி ஒன்றை முறைத்தார், மற்றதை முறைத்தார். கை நீண்டது, பாதியில் மடங்கியது.

"எதுன்னு சொல்லித் தொலையேன்."

"உங்களுக்கே தெரியலன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? கை ஆறினதும் அவன் வேலைக்கு வரட்டுமா?"

முதலாளி தலையாட்டினார். லூர்தம்மாள் இரண்டையும் வெறுங்கையால் அள்ளினாள். இரண்டுமே காய்ச்சாதவை.

"என்னையே ஏமாத்திட்டியா?"

"குறி போடாத சூட்டு இரும்பை ஒரு மனுசன் முன்னால வைக்க, நான் என்ன மொதலாளியா?"