குளத்தின் வாசலை விட்டு இறங்கியவள்

இதை எனக்கு முதலில் சொன்னவர் அருளாயி அக்கா. என் மூத்த மகளின் பிரசவத்தன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெபமாலையும் கையுமாக இருவரும் காத்திருந்தபோது சொன்னார்.

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. சொற்களும் உயிரோடு தனித்தனி வீடுகளில் குடியிருந்தன. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் சட்டென்று வந்து நிற்காது. வாசலில் நின்று மூன்று முறை “வரலாமா?” என்று கேட்கும். ஒரு சேதி சொல்லி முடிப்பதற்குள் உலையரிசி வெந்துவிடும். ஆனாலும் யாரும் அலுத்துக்கொண்டதில்லை. அப்படியும் நாட்கள் இருந்தன.

குளம் என்ற சொல்லுக்கு வாசற்காவல் ‘ம்’. வாயை இறுக மூடி நிற்பாள். தான் நகர்ந்தால் வீட்டின் பெயரே போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

ஓர் ஐப்பசி மழையில் கரை வெடித்ததை ஆள்காட்டிக் குருவி பார்த்துவிட்டது. கீழே வயலில் அதன் நான்கு குஞ்சுகள். இன்னும் பறக்கத் தெரியாது. சேதி கிடைத்தால் மேட்டுக்கு ஓடிவிடும். குருவி “குளம்” என்று தொடங்கியது. அடுத்து வரவேண்டிய ‘கரை’, வாசலில் நின்று முறைப்படி ஒரு தடவை கேட்டது. இரண்டாம் தடவையும் கேட்டது. அதற்குள் வெடிப்பில் தண்ணீர் கசிந்தது.

“இன்னும் ஒரு தடவை கேக்கணுமா தங்கச்சி? அந்தப் பிள்ளைங்க மூச்சடங்கினப்புறம் கேக்கட்டுமா?” என்றாள் ‘கரை’ என்ற சொல்லின் முன்னால் நின்ற ‘க’.

‘ம்’ கலங்கினாள். “நான் இறங்கிட்டா இந்த வீட்டை யாருக்குக்கா அடையாளம் தெரியும்?”

“ஒரு காலை உன் இடத்துல ஊன்றிக்கறேன். நீ வந்ததும் எடுத்துடறேன். இறங்குடி.”

ஆண்டவரே என்று அவள் இறங்கினாள். ‘க’ ஒரு கால் அங்கும் ஒரு கால் இங்குமாக நின்றாள். “குளக்கரை உடையுது” என்று ஒரே மூச்சில் குருவியின் குரல் வயலில் விழுந்தது. நான்கு குஞ்சுகளும் மேடேறிய பிறகே வெள்ளம் வந்தது.

‘க’ சொன்னபடியே காலை எடுத்துக்கொண்டாள். ‘ம்’ வாசலுக்குத் திரும்பினாள். வீட்டின் பெயர் போகவில்லை.

மரத்தின் வாசலில் கிளை வந்தாலும், பழத்தின் வாசலில் கடை வந்தாலும், அன்றைக்குப் பழகியபடிதான் இன்றும் அவள் சத்தமில்லாமல் இறங்கி வழிவிடுகிறாள்.

குளக்கரைப் பக்கம் போனால், “குளம்” என்று தனியாக ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். அவளும் வீட்டுக்கு வரட்டும்.