கீரி வைத்த பிசின் இலைகள்

உறைபனி விழும் ஒரு மலைச்சோலையில் கீரி ஒன்று இருந்தது. எல்லாம் தெரிந்த கீரி. வேறு யாருமல்ல, நான்தான்.

அந்தக் காட்டுக்குத் தலைவி செம்பி என்ற செந்நாய். அவள் குட்டியின் மூக்கில் ஆறாத புண். முடி கொட்டி, விலா எலும்பு தெரிந்தது. மணல் ஈ கடித்துப் பரப்பும் நோய் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஈ எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, பழி போட எலி இருக்கிறதே.

"எலி வளையிலதான் அழுக்கு. பூவாத்தா குடும்பத்தோட காட்டை விட்டுப் போகட்டும்" என்றாள் செம்பி.

பூவாத்தா எலிக்குக் கண் திறக்காத ஆறு குஞ்சுகள். வெளியே புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தது. குஞ்சுகள் ஒரு ராத்திரி தாங்காது.

எனக்குக் கோபம் பொங்கியது. "ஆதாரம் இல்லாம யாரையும் துரத்தக் கூடாதுக்கா. இது என்ன நியாயம்?"

"என் புள்ள சாகக் கிடக்கு, உனக்கு நியாயம் வேணுமா? சரி, மூணு நாள் தர்றேன். ஈ இருக்கிற எடத்தைக் காட்டு. இல்லேன்னா எலி கிளம்பணும்."

அகல இலைகளில் மரப்பிசின் தடவி, வளை வாசல்களில் சாயங்காலம் குத்தி வைத்தேன். விடிந்ததும் எடுத்தேன். முயல், முள்ளம்பன்றி, எலி என்று இருபத்தேழு வளைகள். உதவிக்குத் தவளை.

"கவனமாப் பாரு. இறக்கையைத் தூக்கி நிறுத்தியிருந்தா மணல் ஈ. கூரை மாதிரி மடக்கியிருந்தா வெறும் சேத்து ஈ, அது கடிக்காது" என்று பாடம் எடுத்தேன்.

முதல் நாள் பிடித்ததில் பாதியைத் தவளை தின்றுவிட்டது. "நாக்கு தானாப் போயிருச்சு அம்மணி" என்றது.

மூன்று நாளும் சேற்று ஈதான். "நான் அப்பவே சொன்னேனே, இந்தக் குளிருக்கு மணல் ஈ வராது" என்று மார்தட்டினேன்.

"அப்போ என் புள்ளயக் கடிச்சது எது?" என்று செம்பி கேட்டாள்.

நான் இலைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

"சரி, எலி கிளம்பட்டும்."

பூவாத்தா முதல் குஞ்சை வாயில் கவ்வினாள். என்ன நினைத்தாளோ, கீழே வைத்தாள். "அம்மணி, இன்னொரு வளை பாக்கி இருக்கே. உங்களது."

"நான் கணக்கெடுக்கிறவ."

"ஈக்கு அது தெரியுமா?"

கெடு முடிந்துவிட்டது, நடுவில் விதியை மாற்றக் கூடாது என்றெல்லாம் வாதாடினேன். செம்பி பல்லைக் காட்டினாள். இலை வைத்தோம்.

விடிந்தபோது இலை முழுக்க ஈ.

"ஒரே ஒரு இலையை வச்சு முடிவு சொல்ல முடியாது. காத்துல அடிச்சு வந்திருக்கலாம். பிசினும் பழசு" என்றேன்.

"ருசிகூட வேற மாதிரி இருக்கு" என்றது தவளை.

"இறக்கை நிக்குதா, மடிஞ்சிருக்கா? நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள் பூவாத்தா.

குனிந்து பார்த்தேன். நின்றது. அடுத்ததும் நின்றது. எல்லாமே நின்றன.

குளிருக்குப் பயந்து என் வளை நிறையக் காட்டெருமைச் சாணமும் சருகும் அடைத்து வைத்திருந்தேன். உள்ளே ஈரம், கதகதப்பு. ஈ குடும்பம் நடத்த வேறென்ன வேண்டும்? செம்பியின் குட்டி தினமும் சாயங்காலம் என் வாசலில் வந்து படுக்கும். என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறது என்று பூரித்துப் போயிருந்தேன். சூட்டுக்கு வந்திருக்கிறது, பாவம்.

"ஆதாரம் இருக்கு. நானே போயிடறேன்" என்றேன்.

"நீ போனா சாணத்தை யாரு அள்ளுறது?" என்றாள் செம்பி. "முதல்ல அள்ளு."

அன்று முழுக்க அள்ளி, தூரக் கொண்டுபோய் வெயிலில் பரப்பினேன். புண் ஆறுமா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு குட்டிக்குப் புதுக் கடி இல்லை. வெறும் வளையில் குளிர் தாங்காமல் எனக்குத்தான் பல் கிட்டியது.

பூவாத்தா எட்டிப் பார்த்தாள். "எங்க வளையில ஒரு மூலை இருக்கு, வாங்க. ஆனா பேசாம படுக்கணும்."

அடுத்தவர் வளையையெல்லாம் சோதித்துவிட்டுத் தன் வளையை மட்டும் விட்டுவைப்பவருக்கு உண்மை ஒருநாளும் அகப்படாது.