தசமிக்குத் தள்ளிய மருந்து

தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

மதிவதனிக்குத் தொடையில் கட்டி. மூட்டருகே மென்திசுவில் லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய புற்று, நுரையீரலிலும் புள்ளிகள். மிச்சமிருந்தது ஒரே வழி. அவள் ரத்தத்திலிருந்து எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, புற்றை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மாற்றிப் பெருக்கி, உறையவைத்து மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். அவை அவளுக்கு மட்டுமே ஆகும். ஏற்றுமுன், உடம்பிலுள்ள பழைய அணுக்களை மருந்தால் அழிக்க வேண்டும். ஏற்றியபின் கடுங்காய்ச்சல் வரலாம் என்பதால், தனியறைப் படுக்கை காலியாக இருந்தால்தான் மருந்தையே தொடங்குவார்கள். அந்த மருத்துவமனையில் அப்படிப்பட்ட படுக்கை ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவள் முறை.

அன்று காலை அண்ணன் செங்குட்டுவன் டாக்டர் ரெபேக்காவிடம் போனார். "இன்னிக்கு அஷ்டமி, நாளைக்கு நவமிங்க மேடம். புதன்கிழமை தசமி. அன்னிக்கு ஆரம்பிச்சா மனசுக்கு நிம்மதி."

"ரெண்டு நாள்தானே, சரி," என்றார் டாக்டர். அடுத்தவர் நம்பிக்கையில் தலையிடுவதில்லை என்பது அவர் கொள்கை. படுக்கையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

அண்ணன் வந்து சொன்னதும் மதிவதனி கேட்டாள்: "அஷ்டமின்னு அந்தக் கட்டிக்கு யாருண்ணே சொல்லுவா?"

"வாயை மூடுடி. எல்லாம் உனக்காகத்தான்."

மூடிக்கொண்டாள்.

அன்று மாலையே, வரிசையில் அடுத்திருந்த பக்கிரிசாமிக்கு மருந்து தொடங்கியது. படுக்கை அவருக்குப் போனது.

புதனன்று விபூதியோடு வந்த செங்குட்டுவன், முறை எங்களுடையது என்று அந்த அறை வாசலில் நின்றார். உள்ளேயிருந்து பக்கிரிசாமி, "நான் வேணா சுவரோரமா ஒதுங்கிப் படுத்துக்கறேன், அந்தப் பொண்ணையும் போடுங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை. எதிர்ப்பு முழுக்க அழிந்த உடம்பை வெளியே அனுப்ப முடியாது என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்துப் பக்கிரிசாமி தேறி வீட்டுக்குப் போனபோது மதிவதனியின் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இனி ஏற்றினால் உடம்பு தாங்காது என்றார்கள். "சரி," என்றவள், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாள்.

நாள் பார்த்த அண்ணன், தலையசைத்த டாக்டர், வாயை மூடிக்கொண்ட மதிவதனி. பிழை யாருடையது?

விடை: டாக்டருடையது. அண்ணன் என்று சொல்ல உங்கள் நாக்கு துடிக்கும். ஆனால் இரண்டு நாள்தான் போகும் என்று நினைத்துக் கேட்டவர் அவர். படுக்கை கைமாறும் என்று தெரிந்தவர் டாக்டர். அதைச் சொல்லியிருந்தால் அண்ணனே அஷ்டமியன்று தேங்காய் உடைத்துத் தொடங்கியிருப்பார். மதிவதனியா? சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள். தள்ளிப்போட மட்டும் அண்ணன் வாய்ச்சொல் எப்படிப் போதுமாயிற்று? அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

அவளுடைய அணுக்கள் இன்னும் உறைபெட்டியில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்யலாம் என்று மருத்துவமனை இப்போது அவளிடம்தான் கேட்டிருக்கிறது.