ஒன்பது விநாடி

தணிகைவேலுக்கு ஐம்பத்தொரு வயது. அவனுடைய குரு அஞ்சுகத்துக்கு நாற்பத்தெட்டு.

அஞ்சுகம் மேடையேறி நடித்ததே இல்லை. கோதண்டம் நாடகக் குழுவில் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர் மறந்த வரியை மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பவர். பதினேழு வயதில் அந்த வேலைக்கு வந்தவர்.

கோதண்டம், தணிகைவேலின் அப்பா; பேர் பெற்ற நகைச்சுவை நடிகர். அவர் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் சிரித்தார்கள். அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் சிரித்தார்கள். மகன் மேடைக்கு வந்ததும்தான் சிரிப்பு நின்றது.

அன்று காஞ்சிபுரத்தில் நாடகம். ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி. குழுவின் செயலாளர் முனிரத்தினம் ஒப்பனை அறைக்குள் தலையை நீட்டினார்.

"தணிகை, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. இன்னிக்கும் ஜனம் உம்முன்னு உக்காந்துட்டுப் போச்சுன்னா, அடுத்த மாசத்துலேருந்து உன் வேஷம் லோகுவுக்குத்தான்."

"அது எங்கப்பா வேஷம்."

"அதனாலதான் ஆறு வருஷம் பொறுத்துக்கிட்டேன்."

அவர் போய்விட்டார். தணிகைவேல் கண்ணாடியைப் பார்க்காமலே மீசையை ஒட்டினான். பசை கன்னமெல்லாம் பரவியது.

"வாத்தியாரம்மா, அப்பா செஞ்சதை இம்மி பிசகாம செய்யறேன். எனக்கு ஏன் சிரிக்க மாட்டேங்கறாங்க?"

அஞ்சுகம் ஈரத்துணியால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"எதை வச்சுக் கத்துக்கிட்டே?"

"கேசட்டை வச்சு. இந்த நாடகம் முதல் நாள் போட்டப்ப எடுத்தது. ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்."

"அந்தப் புடவைக் கட்டத்தைச் செஞ்சு காட்டு."

அது ஊருக்கே தெரிந்த கட்டம். ஜவுளிக் கடை ஊழியன் ஓர் அம்மாளுக்கு அறுபது புடவைகளைப் பிரித்துப் போடுவான். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'வேற கலர் இருக்கா?' என்று கேட்பாள். அவன் புடவைக் குவியலைப் பார்த்தபடி வாயே திறக்காமல் நிற்பான். அரங்கம் குலுங்கும். பிறகு சொல்வான்: 'வாங்கம்மா, பக்கத்துக் கடைக்கு நாம ரெண்டு பேருமே போயிரலாம்.'

தணிகைவேல் செய்து காட்டினான்.

"எவ்வளவு நேரம் சும்மா நின்னே?"

"ஒன்பது செகண்ட்."

"அது என்ன ஒன்பது?"

"சிரிப்பு அவ்வளவு நேரம் வரும்."

"யாருடைய சிரிப்பு?"

"கேசட்ல இருக்கறவங்க..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அஞ்சுகம் நாடக நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"இன்னிக்கு நான் உள்ளே நிக்கப்போறதில்லே. முன்னாடி போய் உக்காந்து பார்க்கப்போறேன்."

"ஐயோ, எனக்கு மறந்துட்டா?"

"ஆயிரம் தடவை கேட்டவனுக்கு மறக்குமா?"

திரை எழுந்தது. முதல் நகைச்சுவையைச் சொல்லிவிட்டுத் தணிகைவேல் வழக்கம்போல் நான்கு விநாடி நிறுத்தினான். அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று இரண்டாவது வரிசையிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. அஞ்சுகம்தான். நான்கு விநாடி சிரித்தார். பட்டென்று நிறுத்தினார்.

ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். தணிகைவேல் அவர் பக்கம் பார்க்காமலே தொடர்ந்தான். அடுத்த நகைச்சுவைக்கு ஐந்து விநாடி நிறுத்தினான். ஐந்து விநாடி சிரிப்பு. பட்டென்று நின்றது. இப்போது ஜனங்கள் மேடையை விட்டுவிட்டு அவரையே பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பக்கத் திரையின் ஓரத்தில் முனிரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

புடவைக் கட்டம் வந்தது. "வேற கலர் இருக்கா?" என்று அந்த அம்மாளாக நடித்தவள் கேட்டாள்.

தணிகைவேல் குவியலைப் பார்த்தபடி நின்றான். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினான். அஞ்சுகம் ஒற்றை ஆளாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது விநாடியில் நிறுத்திவிட்டு இரண்டு முறை இருமினார்.

அந்த இருமல் அவனுக்குத் தெரியும். கேசட்டில் சிரிப்பு அடங்கும்போது யாரோ ஒருவர் அப்படித்தான் இருமுவார்.

அவனுக்குக் கோபம் வந்தது. அழுகையும் சேர்ந்த கோபம். குருவாவது மண்ணாவது என்று மேடை விளிம்புக்கே வந்து அஞ்சுகத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஏம்மா, அந்தச் சிரிப்பு எங்கப்பா வித்த சரக்காச்சே! முப்பது வருஷமா மடிப்புக் கலையாம வச்சிருக்கீங்களே, ஒரு நாளாவது எடுத்துக் கட்டினீங்களா?"

காஞ்சிபுரத்து ஜனங்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு அரங்கம் வெடித்தது.

இந்தச் சிரிப்பு எத்தனை விநாடி வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எண்ணவும் தோன்றவில்லை. அடங்குவதற்காகக் காத்திருந்தான். அடங்கியபோது அடுத்த வரி இல்லை. அப்பாவின் வரி, ஆயிரம் தடவை கேட்ட வரி, சுத்தமாக மறந்துபோயிருந்தது. பக்கத் திரையைப் பார்த்தான். அங்கே எடுத்துக் கொடுக்க ஆளில்லை. கையில் ஒரு புடவையோடு வாய் பிளந்து நின்றான். அந்த முகத்தைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்கள்.

கூட நடித்தவள் பயந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல், தானே ஒரு புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். தணிகைவேல் பாய்ந்து அதைப் பிடுங்கினான்.

"விடுங்கம்மா! இருக்கற ஒரு வேலையும் போயிடும்போல இருக்கு!"

அது அவன் நெஞ்சிலிருந்து வந்த பேச்சு. அது அங்கே யாருக்கும் தெரியாது. பின் வரிசையில் ஒருவர் சிரிப்புத் தாங்காமல் எழுந்தே நின்றுவிட்டார்.

நாடகம் முடிந்ததும் முனிரத்தினம் வந்து அவன் தோளைத் தட்டினார். "லோகுகிட்ட நான் பேசிக்கறேன். வேஷம் உன்னுதுதான்." அதற்கு மேல் நிற்கவில்லை, போய்விட்டார்.

தணிகைவேல் சந்தோஷப்படவில்லை. மீசையைப் பிய்த்து எறிந்துவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அஞ்சுகம் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மறந்துட்டேன் வாத்தியாரம்மா."

"பார்த்தேன்."

"அவங்க சிரிச்சது நகைச்சுவைக்கு இல்லே. நான் முழிச்ச முழிக்கு. எனக்கு வெக்கமா இருக்கு."

"ம்."

"அதே இடத்துல எங்கப்பா எப்படி நின்னாரு! அசையாம, அவ்வளவு திடமா. அந்த ஒன்பது செகண்டைப் பத்தி இன்னிக்கும் பேசறாங்க. அப்புறம் எந்த ஊர்ல போட்டாலும் அதே ஒன்பது செகண்ட்தான். அந்தத் தைரியத்துல கால்வாசி எனக்கு இருந்தா போதும்."

வரி எடுத்துக் கொடுக்கிறவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார், எந்த மேடையில், எந்த வரியை மறந்தார் என்பதை வெளியில் சொல்வதில்லை. கட்டிய கணவனிடம்கூடச் சொல்வதில்லை.

அஞ்சுகம் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"அந்தக் கேசட் எடுத்த அன்னிக்குத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்" என்றார்.

"தெரியும், சொல்லியிருக்கீங்க."

"ஒன்பதாவது செகண்ட்ல அந்த வரியை எடுத்துக் குடுத்தது நான்தான், தணிகை."